சிடி சேஞ்சரை இடம் மாற்றுமுன் ஸ்பிரிங்கைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டிக்கியில் எல்பிஜி டேங்க் பொருத்தினால் அங்கிருக்கும் ஆறு சிடி சேஞ்சரை (சிடிகளை மாற்றி மாற்றிப் பாடவைக்கும் பெட்டியை) எங்கே வைப்பது என்று ஒரு வாசகர் கேட்டதற்கு, 'முன் சீட்டுக்கு அடியில் வைக்கலாம்' என்று உங்கள் வாகனப் பகுதி ஒரே வரியில் பதில் சொல்லியிருந்தது. வைக்கலாம்தான். ஆனால் வைத்த மறுநாளே பாட்டு குதிக்கும். கடையில் கேட்டால் 'சிடியைப் படிக்கிற லென்ஸ் போச்சு, புது செட் போடுங்க' என்பார்கள். இந்தச் சேஞ்சரோடு 15 வருடம் தாண்டி மறுபதிவு செய்து ஓட்டும் பழைய கார்கள் பெங்களூரில் நிறைய இருப்பதால் இதை எழுதுகிறேன்.

சேஞ்சருக்குள் சிடி சுற்றும் பகுதி பெட்டியோடு இறுகப் பிடிக்கப்பட்டதல்ல. ஸ்பிரிங்கிலும், எண்ணெய் அடைத்த ரப்பர் குமிழிலும் மிதந்துகொண்டிருக்கும். படுக்கையாக வைத்தால் ஒரு இழுவிசை, நிறுத்தி வைத்தால் வேறு. அதற்காகவே பெட்டியின் இரு பக்கமும் திருகு இருக்கிறது. பக்கத்திலேயே கோணக் குறியும் இருக்கும். டிக்கிச் சுவரில் நின்றிருந்ததைச் சீட்டுக்கடியில் படுக்க வைத்துவிட்டு இந்தத் திருகை மறந்தால், முதல் ஹம்ப்பிலேயே குதிக்கும். இரண்டு பக்கமும் ஒரே குறியில் நிற்க வேண்டும். அதன் பிறகும் குதித்தால் ரப்பர் குமிழைப் பாருங்கள்: அடியில் பிசுபிசுப்பு இருந்தால் எண்ணெய் கசிந்துவிட்டது என்று பொருள். லென்ஸைச் சந்தேகிப்பது அதற்குப் பிறகுதான். சிடி மேல் ஒட்டிய காகித லேபிள் உரிந்து மெகசினில் (சிடிகளை அடுக்கிச் செருகும் கூட்டில்) சிக்குவது தனிக் கதை.

கழற்றுமுன் மெகசினை வெளியே எடுத்துவிடுங்கள். பேட்டரி நெகட்டிவைக் கழற்ற வேண்டியிருந்தால், டாஷ்போர்டு ஆடியோ செட்டின் திருட்டுத் தடுப்பு ரகசிய எண் கையில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் மீண்டும் இணைத்ததும் செட் வாயைத் திறக்காது.

சீட்டுக்கடியில் வைப்பதில் மூன்று தொல்லை. சீட்டை முன்னும் பின்னும் முழுக்கத் தள்ளிப் பார்க்காமல் திருகு முடுக்கினால் சீட் நகரும் தண்டவாளம் ஒயரை நறுக்கிவிடும். மழைநீரோ ஏசி வடிநீரோ கார்ப்பெட்டில் தேங்கும் காராக இருந்தால், கீழே கட்டை வைத்து உயர்த்த வேண்டும். சீட்டடியில் மஞ்சள் நிற பிளக் தெரிந்தால் அது ஏர்பேக் அல்லது சீட் பெல்ட்டுடையது, தொடவே வேண்டாம். தரையில் துளை போடுமுன் காரின் அடியில் குனிந்து பாருங்கள், பல கார்களில் பெட்ரோல் டேங்க் பின் சீட்டுக்குக் கீழேதான். டிக்கியிலேயே ஓர் ஓரத்தில் வைப்பதானாலும் எல்பிஜி வால்வை மறைக்கக் கூடாது.

கேபிள் நீளம் போதாவிட்டால் வெட்டி ஒட்டாதீர்கள். அதற்குள் ஆடியோ, கட்டளை, மின்சாரம் மூன்றும் போகிறது. உறை பிரிந்தால் ஆக்ஸிலரேட்டர் மிதிக்க மிதிக்க 'ஞொய்' என்று ஆல்டர்னேட்டர் (பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் கருவி) சத்தம் ஸ்பீக்கரில் ஏறும். அதே செட்டுக்கான நீட்டிப்புக் கேபிளை வாங்குங்கள். பேட்டரி ஒயர் இடது ஓரம் போனால் இது வலது ஓரம் போகட்டும்.

சேஞ்சரே வேண்டாம், யுஎஸ்பியோ புளூடூத்தோ போதும் என்றால் எமுலேட்டர் என்ற சிறு பெட்டி இருக்கிறது. சேஞ்சர் இணைந்திருப்பதாகச் செட்டை நம்பவைப்பதே அதன் வேலை. அந்தச் சமிக்ஞை வராமல் வெறும் ஆடியோ ஒயரைச் செருகினால், பல செட்டுகளில் சேஞ்சருக்கான ஒலி வழி திறக்கவே திறக்காது. ஒரு நிறுவனத்தின் செட் பேசும் மொழி இன்னொன்றுக்குப் புரியாது, எனவே மாடல் எண்ணைச் சொல்லி வாங்குங்கள். செட்டின் பின்னால் நீல நிற எட்டு பின் சாக்கெட் இருந்தால், ஐஎஸ்ஓ என்ற சர்வதேசத் தர முறைப்படி அதுதான் சேஞ்சருக்கானது.

பாட்டை ரேடியோ அலையாக மாற்றிச் செட்டின் எஃப்எம்மில் கேட்க வைக்கும் எஃப்எம் மாடுலேட்டர் மலிவுதான். ஆனால் எஃப்எம் ஒலி 15 கிலோஹெர்ட்ஸோடு நின்றுவிடும், சிடி 20 வரை போகும். தவிர, நம் ஊரில் 91.1, 101.3, 102.9 என்று நிலையங்கள் வரிசை கட்டி நிற்கின்றன. வேறு வழியில்லாமல் போடுவதானால் 88க்கு அருகே காலி இடம் பாருங்கள். ஆன்டெனா ஒயருக்கு இடையில் செருகும் வகையாக இருக்கட்டும், சிகரெட் லைட்டரில் செருகும் வகை வேண்டாம்.

இப்படிக்கு,
கார் ஆடியோ எலக்ட்ரீஷியன் ஒருவர்,
அல்சூர், பெங்களூரு