ஜன்னல் சாத்தியும் ஆடும் சுடர்

கண்ணா,

ஜன்னலைச் சாத்தி, ஃபேனையும் நிறுத்தின பிறகும் மெழுகுவர்த்தி ஏன் ஆடுகிறது என்று கேட்டாயே, அது போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

வெளிக்காற்றே இல்லாவிட்டாலும் சுடர் தனக்கென்று ஒரு காற்றை உண்டாக்கிக்கொள்ளும். திரியில் ஏறும் மெழுகு ஆவியாகி எரிகிறது, அந்தச் சூடான வாயு லேசாகி மேலே போகிறது, போன இடத்தை நிரப்ப அடியில் சுற்றிலுமிருந்து குளிர்ந்த காற்று வருகிறது. அணைத்த தீக்குச்சியின் புகையைச் சுடரின் அடிப்பக்கமாகக் காட்டிப் பார், உள்ளே வளைந்து மேலே ஓடுவது நன்றாகத் தெரியும். சுடர் கூராக நீண்டு நிற்பதே இந்த ஓட்டத்தால்தான். 1992இல் நாசா விண்வெளி ஓடத்தில் மெழுகுவர்த்தி ஏற்றியபோது, அங்கே எடையே இல்லாத நிலை என்பதால் சூடான வாயு மேலே ஏற வழியில்லாமல் சுடர் குட்டையாக, உருண்டையாக, மங்கிய நீலத்தில் எரிந்தது.

சரி, ஆட்டத்துக்கு வருவோம். மேலே விரையும் சூடான வாயு பக்கத்தில் சும்மா நிற்கும் காற்றோடு உரசி, ஓரத்தில் சின்னச் சின்னச் சுழல்களாக உருள்கிறது. அந்தச் சுழல் சுடரின் நுனியைக் கிள்ளிவிட்டுப் போகும், சுடர் மறுபடி நீளும், அடுத்த சுழல் வரும். குட்டைத் திரியுள்ள ஒற்றை மெழுகுவர்த்தியில் இது அவ்வளவாகத் தெரியாது. மூன்று நான்கைச் சேர்த்து வைத்தாலோ திரி நீளமாக இருந்தாலோ வினாடிக்குச் சுமார் 10 தடவை துடிக்கும். இப்படி இரண்டு கொத்துகளைப் பக்கத்தில் வைத்தால் இரண்டும் சேர்ந்தே துடிக்கும், கொஞ்சம் நகர்த்தினால் ஒன்று எழும்போது மற்றது தணியும், எனக்கு ரொம்பப் பிடித்த வேடிக்கை இது.

உன்னுடையது ஆழமான கண்ணாடி ஜாடிக்குள் இருக்கிறது என்றாயே, எனக்குச் சந்தேகம் அங்கேதான். சூடான வாயு வெளியே போவதும் புதுக் காற்று உள்ளே இறங்குவதும் அந்த ஒரே வாய் வழியாக, இரண்டும் முட்டிக்கொள்ளும்போது சுடர் நிலையாக நிற்காது. மெழுகு கரைந்து கீழே போகப் போக இது கூடும். பழைய விளக்குச் சிமினிக்கு அடியிலும் காற்று வர வழி விட்டிருப்பார்கள், அதனால் அதற்குள் சுடர் அசையாமல் நிற்கும்.

முதலில், ஆறின பிறகு திரியை அரை சென்டிமீட்டருக்கு வெட்டு. அப்படியும் ஆடி, கண்ணாடியில் கரி பிடித்தால், அந்த ஜாடியை விட்டுவிட்டு அகலமான தட்டில் ஒன்றை ஏற்றிப் பார்த்துச் சொல். திரைச்சீலை பக்கத்தில் மட்டும் வைக்காதே.

அம்மா