விழக் கற்ற பிறகே வீழ்த்தக் கற்க வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தற்காப்புக் கலைகள் குறித்துத் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். ஜப்பானின் தொன்மையான ஜுஜுட்சுவை, பிடித்த கையை முறுக்கி எதிராளியைச் சாய்க்கும் உத்திகளின் தொகுப்பாகவே அது காட்டியிருந்தது. இக்கலையைப் பல ஆண்டுகளாகப் பயின்றும் பயிற்றுவித்தும் வருபவன் என்ற முறையில், அந்த உத்திகளுக்கெல்லாம் அடித்தளமாக உள்ளவை விடுபட்டுப்போனதில் எனக்கு வருத்தம் உண்டு.

முறையான பயிற்சிக்கூடத்தில் புதியவருக்கு முதலில் சொல்லித்தருவது, பிறரை வீழ்த்துவதை அல்ல; தாம் விழுவதை. உகெமி எனப்படும் இப்பயிற்சியில் பின்புறமாக விழும்போது, முகவாயை நெஞ்சோடு சேர்த்து, பார்வையை இடுப்புக் கச்சையின் முடிச்சில் நிறுத்தி, முதுகு பாயைத் தொடும் கணத்தில், உடலிலிருந்து சற்றே விலக்கிய இரு கைகளாலும் பாயை ஓங்கி அறைய வேண்டும். முகவாயை அடக்குவதால் பின்மண்டை தரையில் மோதாது. அறையும் கைகள் விழுந்த வேகத்தில் ஒரு பங்கை வாங்கிக்கொள்கின்றன. பயத்தில் கையை ஊன்றுவது மனித இயல்புதான். ஆனால் மணிக்கட்டு முறிவது பெரும்பாலும் அப்படித்தான். அந்த இயல்பை மாற்றுவதற்குப் பொறுமையான, சலிப்பூட்டும் பயிற்சியைத் தவிர வேறு வழியில்லை.

அடுத்தது குசுஷி, அதாவது எதிராளியின் நிலையைக் குலைத்தல். பாதங்களை அக்கம்பக்கமாக ஊன்றி நிற்பவரைப் பக்கவாட்டில் தள்ளினால் அவர் எளிதில் அசையமாட்டார். அவரையே, இரு பாதங்களையும் இணைக்கும் கோட்டுக்குச் செங்குத்தாக முன்னோக்கி இழுத்தால், ஓர் அடி எடுத்து வைத்தே ஆக வேண்டும். அந்த அடி தரையில் பதிவதற்குள் அவரைச் சாய்க்கப் பெரிய பலம் தேவையில்லை. பதிந்த பிறகோ, எவ்வளவு முரட்டுத்தனமாக முறுக்கினாலும் பலன் சொற்பமே. மணிக்கட்டுப் பிடியிலிருந்து விடுபடுவதும் இத்தகையதே. பிடித்தவரின் பெருவிரலும் மற்ற விரல்களும் சந்திக்கும் இடத்தை நோக்கிக் கையைத் திருப்பினால், பிடியின் வலுவற்ற பகுதி தானே திறந்துகொள்ளும்.

டென்ஜின் ஷின்யோ, கிதோ ஆகிய ஜுஜுட்சு மரபுகளைக் கற்ற ஜிகோரோ கானோ, 1882இல் டோக்கியோவின் எய்ஷோஜி ஆலயத்தில் கோடோகன் என்னும் பயிற்சிக்கூடத்தைத் தொடங்கி ஜூடோவை வகுத்தபோது, இந்த நிலைகுலைத்தலையே எறிதலின் முதற்படியாக வைத்தார். அடி, உதை போன்ற ஆபத்தான உத்திகளைத் தடையற்ற மோதல் பயிற்சியிலிருந்து நீக்கி, முன்கூட்டியே வகுக்கப்பட்ட அசைவுகளைக் கொண்ட காதாப் பயிற்சியில் மட்டும் காத்தார். மாணவர்கள் காயமின்றி முழு வேகத்தில் பயில முடிந்ததற்கு இந்தத் தெளிவே காரணம் என்பது என் உறுதியான கருத்து. பிடி இறுகும்போது இணையாளர் தட்டினால் அக்கணமே விட்டுவிட வேண்டும் என்ற விதியும் இதே அக்கறையிலிருந்து வந்ததே.

ஆனால் இன்று, பாய்கூட விரிக்காத வெறும் தரையில், ஓரிரு நாள் முகாம்களில், விழக் கற்காத சிறுவர்களை ஒருவரையொருவர் தூக்கி எறியச் சொல்லும் பயிற்றுநர்கள் இருக்கிறார்கள். பிள்ளைகளைச் சேர்க்கும் முன் பெற்றோர் ஒரு வகுப்பை முழுமையாக உட்கார்ந்து பார்க்க வேண்டும். பாய் இருக்கிறதா, விழும் பயிற்சி முதலில் நடக்கிறதா, தட்டியதும் பிடி விடப்படுகிறதா என்று கவனிக்க வேண்டும். இத்தகைய கட்டுரைகளைத் தாங்கள் மீண்டும் வெளியிடும்போது, எறியும் படங்களுக்கு அருகில் இந்த மூன்றையும் அச்சிடுமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
ஜுஜுட்சு பயிற்றுநர்