உங்கள் வியாழக்கிழமைப் பிற்பகல் எனக்கு வேண்டும்

எங்கள் மருத்துவக் கல்லூரியின் டீன், மருத்துவக் கண்காணிப்பாளர், துறைத் தலைவர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சென்ற ஆடியில் ஓர் இரவு, மூன்று மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது பிரசவ வார்டிலிருந்து, மென்பொருள் பிரிவின் தலைவரான எனக்குத் தொலைபேசி வந்தது. இரட்டைக் குழந்தைகள், இரண்டும் பெண். முதல் குழந்தையைக் கணினியில் பதிந்தாகிவிட்டது. இரண்டாவதைப் பதியப் போனால், 'இந்தப் பதிவு ஏற்கெனவே உள்ளது' என்று திரையில் சிவப்பு எழுத்து வந்து நிற்கிறது. அரைத் தூக்கத்தில் நான் சொன்ன பதில் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது: "காலையில் பார்க்கிறேன், சிஸ்டர்."

அந்தக் குழந்தையால் காலைவரை காத்திருக்க முடியாது. எடை குறைவு. பச்சிளங்குழந்தைப் பிரிவுக்குப் போக வேண்டும், ரத்தம் எடுக்க வேண்டும். பதிவு எண் ஒட்டாத மாதிரியை ஆய்வகம் வாங்காது. வாங்கக் கூடாது என்று விதி செய்ததும் நாங்கள்தான். அனுபவசாலியான அந்த சிஸ்டர் பாலினம் என்ற கட்டத்தில் 'ஆண்' என்று போட்டார். திரை மறுபேச்சு பேசாமல் வழிவிட்டது.

மறுநாள் மஞ்சள் காமாலையைக் கண்டறியும் பிலிருபின் அறிக்கை கைக்கு வந்தபோது, குழந்தைகள் பிரிவின் முதுநிலை மாணவர் ஒருவர் 'ஆண் குழந்தை' என்பதைப் பார்த்துவிட்டு நேராகத் தொட்டிலுக்குப் போய்க் கையில் கட்டியிருந்த பட்டையைச் சரிபார்த்தார். அவர் புண்ணியத்தில் எந்தக் கெடுதலும் நடக்கவில்லை. அவர் கவனிக்காமல் விட்டிருந்தால், பிறப்புப் பதிவுக்கு 21 நாளுக்குள் நாம் அனுப்பும் தகவலில் அந்தப் பெண் குழந்தை ஆணாகவே போயிருக்கும். தன் மகள் மகள்தான் என்று எழுதி வாங்க அந்தத் தாய் எத்தனை அலுவலகப் படி ஏறியிருப்பாள் என்று யோசித்துப் பாருங்கள்.

தவறு என் குழுவினுடையது. குழுவின் தலைமை என்னுடையது என்பதால் தவறும் என்னுடையதுதான். அதை மறைக்க இந்த மடலை எழுதவில்லை. ஆனால் அந்தத் தவறு எங்கே பிறந்தது என்று நான் தேடிப் பார்த்தேன். ஒரே தாய், ஒரே தேதி, ஒரே பாலினம் என்றால் அது இரட்டைப் பதிவு, ஏற்காதே என்பது விதி. பில்லிங் பிரிவு ஒரே குழந்தைக்கு இரண்டு கணக்கு வருகிறது என்று முறையிட்டதால் ஒரு கூட்டத்தில் முடிவான விதி அது. கூட்டக் குறிப்பில் நான்கு கையெழுத்து. ஒன்று என்னுடையது, மற்ற மூன்றும் நிர்வாகத்தினுடையவை. மகப்பேறு துறையிலிருந்து வந்திருந்த உதவிப் பேராசிரியரைப் பத்தாவது நிமிடத்தில் சிசேரியனுக்கு அழைத்துவிட்டார்கள். அவர் போனதுதான் சரி. நாங்கள் கூட்டத்தைத் தொடர்ந்ததுதான் பிசகு. பிறந்த குழந்தையைக் கையில் வாங்கிய ஒருவர்கூட இல்லாத அறையில், பிறந்த குழந்தைகளுக்கான விதியை எழுதி முடித்துவிட்டு டீ குடித்தோம்.

என் குழுவைப் பற்றி உங்களில் பலருக்கு இருக்கும் சித்திரம் எனக்குத் தெரியும்: கீழ்த்தளத்தில், பழைய ரெக்கார்ட் அறைக்குப் பக்கத்தில், பிரிண்டர் மக்கர் செய்தால் கூப்பிட வேண்டியவர்கள். கூப்பிடுங்கள், வருகிறோம். ஆனால் ஏழு பேரும் அங்கே உட்கார்ந்து என்ன செய்கிறோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மருத்துவமனைக்காக ஓ.பி. சீட்டு, ஆய்வகம், மருந்தகம், டிஸ்சார்ஜ் சம்மரி, முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்துக்கான ஆவணங்கள். கல்லூரிக்காக வருகைப் பதிவு, உள்மதிப்பீட்டு மதிப்பெண், 2019-இல் திறன் அடிப்படையிலான பாடத்திட்டம் வந்ததிலிருந்து மாணவர்கள் பழகிய திறன்களைக் குறிக்கும் லாக் புத்தகம். தேசிய மருத்துவ ஆணையம் கேட்கும் புள்ளிவிவரம் தனி. மார்ச் மாதம் ஆய்வுப் படிப்பு முடிக்கும் முதுநிலை மாணவர்கள் வரிசையில் நிற்பார்கள்: ஐந்தாண்டு நோயாளிகள் பட்டியல், பெயர், தொலைபேசி எண் சகிதம், எக்ஸெலில், பென் டிரைவில், நாளைக்குள். நெறிமுறைக் குழு அனுமதி எங்கே என்று கேட்டால் கைடு சொல்லிவிட்டார் என்பார்கள். 2023-இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், தரவைக் காக்கத் தவறினால் 250 கோடி ரூபாய்வரை அபராதம் விதிக்க இடமிருக்கிறது. அந்த பென் டிரைவ் பஸ்ஸில் தொலைந்தால் கைடு அல்ல, கல்லூரி பதில் சொல்ல வேண்டும்.

இது புலம்பல் இல்லை, விவரம்.

கணினியைப் பற்றி ஒரு கதை சொல்கிறேன். கதிரியக்கத் துறையினருக்குத் தெரிந்திருக்கலாம். 1985 முதல் 1987 வரை அமெரிக்காவிலும் கனடாவிலும் தெராக்-25 என்ற கதிர்வீச்சு சிகிச்சைக் கருவி ஆறு நோயாளிகளுக்கு அளவுக்கு மீறிய கதிர்வீச்சைச் செலுத்தியது. அவர்களில் சிலர் இறந்தார்கள். முந்தைய கருவியில் இருந்த வன்பொருள் பூட்டுகளை எடுத்துவிட்டு, இதில் மென்பொருளை மட்டும் நம்பியிருந்தார்கள். 1986-இல் டெக்சஸ் மாநிலத்தின் டைலர் நகரப் புற்றுநோய் மையத்தில் கருவியை இயக்கியவர், கதிரின் வகையை எக்ஸ்-ரே என்று தவறாக அடித்ததை எலெக்ட்ரான் என்று சட்டெனத் திருத்தினார். திரையில் 'மால்ஃபங்ஷன் 54', அதாவது 'கோளாறு 54' என்று மட்டும் வந்தது. அந்தக் கருவி நாள்தோறும் இப்படி எதையாவது முணுமுணுக்கும் என்பதால், 'தொடர்க' என்ற விசையை அழுத்துவது அவருக்குப் பழகிப்போயிருந்தது. அழுத்தினார்.

அப்படி நடக்க வாய்ப்பே இல்லை என்றது தயாரித்த நிறுவனம். பிழையைக் கண்டுபிடித்தவர்கள் அந்த மருத்துவமனையின் இயற்பியலாளரும், கருவியை இயக்கியவரும்தான். இருவரும் சேர்ந்து உட்கார்ந்து, அன்றைக்கு அடித்ததை மறுபடி மறுபடி அடித்துப் பார்த்தார்கள். பழகிய கையின் வேகத்தில் திருத்தினால் பிழை வந்தது. மெதுவாகத் தட்டிச் சோதித்தால் வரவில்லை. நிறுவனத்துப் பொறியாளரிடம் அது முதலில் சிக்காததற்கும் காரணம் இதுதான். வார்டின் வேகம் எங்கள் மேசைக்கு வராது.

நம் வீட்டிலும் அந்த விசை இருக்கிறது. மருந்துகள் ஒன்றோடொன்று மோதினால் எச்சரிக்க வேண்டும் என்று கேட்டீர்கள். சிறியது பெரியது பாராமல் எல்லாவற்றுக்கும் எச்சரிக்கும்படி செய்து கொடுத்தோம். இப்போது ஹவுஸ் சர்ஜன்கள் படிக்காமலேயே ஒரு நொடியில் மூடிவிடுகிறார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. நாள் முழுக்கப் புலி வருகிறது என்று கத்தினால் யார்தான் திரும்பிப் பார்ப்பார்கள்? எந்த எச்சரிக்கை நிற்க வேண்டும், எது போக வேண்டும் என்பதை நான் முடிவு செய்ய முடியாது. நான் படித்தது கணினி. அதை ஒரு மருந்தியல் பேராசிரியரும் ஒரு பொது மருத்துவரும் உட்கார்ந்து பிரித்துத் தர வேண்டும். கேட்டு எட்டு மாதம் ஆகிறது. 'நீங்களே ஒரு லிஸ்ட் போட்டு அனுப்புங்கள், பார்க்கிறோம்' என்ற பதில் வந்தது. நான் போடும் லிஸ்ட்டில் உங்கள் நோயாளியை ஒப்படைக்க உங்களுக்கு மனம் வருகிறதா?

(கடவுச்சொல் விஷயத்தைத் தொட வேண்டாம் என்றுதான் இருந்தேன். மதுரைக் கருத்தரங்கில் மேடையில் பேசிக்கொண்டிருந்த அதே நேரத்தில், ஒரு பேராசிரியர் இங்கே பதினொரு டிஸ்சார்ஜ் சம்மரிகளுக்கு ஒப்புதல் அளித்ததாகப் பதிவு இருக்கிறது. அவர் சித்தர் இல்லை என்று நம்புகிறேன்.)

அந்த ஆடி மாத இரவுக்குப் பிறகு என் பக்கத்தில் ஒரு மாற்றம் செய்தேன். என் குழுவினர் எந்த இடத்துக்கான திரையை எழுதப் போகிறார்களோ அந்த இடத்தில் ஒரு நாளாவது நின்றுவிட்டு வர வேண்டும். எழுதுவது அப்புறம். முதலில் போன பையன் எம்.சி.ஏ. முடித்து இரண்டு ஆண்டு ஆனவன். காலை ஆறரைக்கு ஓ.பி. பதிவுக் கவுன்ட்டரின் உட்புறம் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தான். ஒரு பாட்டி வந்தார். பிறந்த தேதி கேட்டதற்கு, தனுஷ்கோடியைப் புயல் அழித்த வருடம் தனக்குக் கல்யாணம் ஆனது என்றார். கவுன்ட்டரில் இருந்த அம்மா ஒரு கணம் தலையைச் சாய்த்தார். புயல் 1964, கல்யாணத்தின்போது பதினாறு பதினேழு இருக்கும். 1-1-1948 என்று அடித்தார். அடுத்தவருக்கும் ஜனவரி ஒன்று. அதற்கடுத்தவருக்கும். நம் மருத்துவமனையில் முதியவர்கள் ஏன் புத்தாண்டன்றே பிறக்கிறார்கள் என்று என் குழு வெகு நாளாகக் குழம்பிக்கொண்டிருந்தது. பிறந்த தேதியைக் கட்டாயக் கட்டமாக வைத்தவர்கள் நாங்களே என்பது அந்த ஸ்டூலில் உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது.

அதே பாட்டியின் பெயருக்கு மூன்று பதிவுகள் இருந்தன. தலைப்பெழுத்து முன்னால் ஒன்று, ஆதாரில் உள்ளபடி பின்னால் ஒன்று, குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் எதையாவது போட்டாக வேண்டுமே என்று கணவர் பெயரைப் போட்டு ஒன்று. நம் ஊரில் குடும்பப் பெயர் கிடையாது என்பது கட்டத்தை வடிவமைத்த எங்களுக்கும் தெரியும், எங்களுக்கும்தான் இல்லை. ஆனாலும் வைத்தோம். பாட்டியின் பென்சிலின் ஒவ்வாமை மூன்றில் ஒரு பதிவில் மட்டும் இருந்தது. பையன் கீழே வந்து ஒரு வார்த்தை பேசவில்லை. உட்கார்ந்து மாற்றத் தொடங்கினான். இப்போது வயதை மட்டும் கொடுத்தாலும் திரை ஏற்கும். மதிப்பிட்ட வயது என்று தனியாகக் குறித்தும் வைக்கும்.

இது புதிய யோசனை ஒன்றும் இல்லை. சத்தீஸ்கரில் பிலாஸ்பூருக்கு அருகே கனியாரி என்ற கிராமத்தில் ஜன் ஸ்வாஸ்த்ய சஹ்யோக் என்ற தொண்டு அமைப்பு நடத்தும் மருத்துவமனை இருக்கிறது. தாட்வொர்க்ஸ் நிறுவனத்து நிரலாளர்கள் அந்த மருத்துவர்களோடு சேர்ந்து, அங்குள்ள தேவையிலிருந்து எழுதிய மருத்துவமனை மென்பொருள்தான் பாம்னி. ஓப்பன்எம்ஆர்எஸ் என்ற, மருத்துவப் பதிவுகளுக்கான திறமூல (யாரும் எடுத்து மாற்றிப் பயன்படுத்தக்கூடிய) கட்டமைப்பின் மேல் எழுப்பியது. இன்று பல நாடுகளில் ஓடுகிறது. நமக்கோ மருத்துவமனையைத் தேடிப் போக வேண்டிய அவசியமே இல்லை. இரண்டு மாடி ஏறினால் போதும். மருத்துவக் கல்லூரிக்குள் மென்பொருள் குழு வைத்திருப்பதன் ஒரே லாபம் அந்த இரண்டு மாடிதான். அதைப் பயன்படுத்தாவிட்டால் எங்களைக் கலைத்துவிட்டு வெளியே விலைக்கு வாங்கிக்கொள்ளலாம், மலிவாகவே முடியும்.

ஆகவே என் கோரிக்கைக்கு வருகிறேன். புதிய ஆள் கேட்கவில்லை. புதிய சர்வரும் இந்த ஆண்டு கேட்கவில்லை. வாரம் ஒரு வியாழக்கிழமை, பிற்பகல் இரண்டரை முதல் நாலரைவரை, எந்தத் துறையின் திரையை அந்த மாதம் எழுதுகிறோமோ அந்தத் துறையிலிருந்து ஒரு மருத்துவரும் ஒரு வார்டு சிஸ்டரும் எங்கள் மேசையில் உட்கார வேண்டும். அந்த இரண்டு மணி நேரம் பணிப் பட்டியலிலேயே இடம்பெற வேண்டும். நேரம் கிடைத்தால் வரலாம் என்பது வராமலிருப்பதற்கு இன்னொரு பெயர். வரும் மருத்துவர் 'இது வேண்டாம்' என்று சொன்னால் அது துறையின் முடிவாக நிற்க வேண்டும். சேர்ந்து மூன்று நாளான முதுநிலை மாணவரைத் தண்டனையாக அனுப்பிவைக்காதீர்கள். பாவம், எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார், ஆறு மாதம் கழித்து நீங்கள் வந்து எல்லாவற்றையும் மாற்றச் சொல்வீர்கள்.

நடைபாதையில் என்னை நிறுத்தி, 'ஒரு சின்ன பட்டன்தானே, சேர்த்துவிடுங்களேன்' என்று கேட்கும் வழக்கத்தையும் வியாழக்கிழமைக்கு மாற்றிக்கொள்ள வேண்டுகிறேன். வாட்ஸ்அப்பில் நள்ளிரவில் வரும் கோரிக்கைகளுக்கும் இதுவே. நோயாளிக்கு ஆபத்து என்றால் மட்டும் எந்த நேரமும் அழையுங்கள். 'காலையில் பார்க்கிறேன்' என்று இனிச் சொல்ல மாட்டேன்.

பதிலுக்கு நாங்கள் தருவது: உங்கள் துறையில் எதையும் மாற்றுவதற்கு முன் என் குழுவில் ஒருவர் அங்கே ஒரு பகலும் ஓர் இரவும் நிற்பார். புதிய திரை வந்த முதல் வாரம் அங்கேயே இருப்பார். திரை வேலை செய்யாத நாளுக்கான காகிதப் பதிவேட்டையும் அச்சடித்து வார்டில் வைப்போம். 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸின் சர்வர்கள் தாக்கப்பட்டபோது அவ்வளவு பெரிய மருத்துவமனையே பேனாவுக்குத் திரும்ப வேண்டியிருந்தது.

முதல் கூட்டம் வரும் வியாழன், பழைய ரெக்கார்ட் அறைக்குப் பக்கத்து அறை. மகப்பேறு துறையிலிருந்து மருத்துவர் யார் என்று துறைத் தலைவர் இன்னும் சொல்லவில்லை. அன்றிரவு 'ஆண்' என்று போட்ட சிஸ்டரிடம் நானே நேரில் போய்க் கேட்டேன். முதல் நாள் இரவு அவருக்கு டியூட்டி. காலையில் முடித்துவிட்டு வீட்டுக்குப் போய், சமைத்து வைத்துவிட்டு, இரண்டரைக்கு வந்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார். மூன்று குழந்தை ஒரே பிரசவத்தில் பிறந்தால் திரை என்ன செய்யும் என்று யோசித்து வைக்கச் சொல்லியும் அனுப்பியிருக்கிறார்.

இப்படிக்கு,
மென்பொருள் பிரிவின் தலைவர்,
கீழ்த்தளம்.