ஆறு மணி மீட்டிங்

ஆசிரியருக்கு வணக்கம்.

வேலையையும் வீட்டையும் சேர்த்துச் சமாளிப்பது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். அதிகாலையில் எழுங்கள், பட்டியல் போடுங்கள், 'முடியாது' என்று சொல்லப் பழகுங்கள் என எல்லா யோசனையும் வேலை பார்ப்பவருக்கே. சரி, முடியாது என்று சொன்னவரின் பதவி உயர்வு என்ன ஆகும்? கட்டுரை அந்தப் பக்கமே போகவில்லை.

நானும் என் மனைவியும் ஒரே படிப்பு. ஒரே ஆண்டில் வேலைக்குச் சேர்ந்தோம். இன்று நான் இருபது பேருக்கு மேலாளர். அவர் இரண்டு முறை பதவி உயர்வை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். இருவரும் கலந்து பேசி எடுத்த முடிவு என்றுதான் வெளியில் சொல்லிக்கொள்கிறோம். உண்மையில் அப்படி உட்கார்ந்து பேசியதாக எனக்கு நினைவில்லை. மகனின் பள்ளிப் படிவத்தில் முதலில் இருப்பது என் எண். அவனுக்குக் காய்ச்சல் என்று மூன்று தடவை கூப்பிட்டிருக்கிறார்கள். மூன்று தடவையும் நான் எடுக்கவில்லை. அப்புறம் நேராக அவருக்கே போன் போக ஆரம்பித்துவிட்டது. படிவத்தில் இன்னமும் நான்தான் முதல்.

2023இல் பொருளாதார நோபல் பெற்ற கிளாடியா கோல்டின் இத்தகைய வேலைகளைப் 'பேராசை பிடித்த வேலைகள்' என்கிறார். நீண்ட நேரம் உழைப்பவருக்கும், கூப்பிட்டபோதெல்லாம் வந்து நிற்பவருக்கும் சம்பளம் மளமளவென்று ஏறும். அதனால் ஒருவர் அந்த வேலையைப் பிடித்துக்கொண்டு, மற்றவர் வீட்டுக்கு வளைந்துகொடுத்தால் குடும்ப வருமானம் கூடுகிறது. கணக்கு சரிதான். வளைவது யார் என்பது மட்டும் கேட்காமலே முடிவாகிவிடுகிறது. பெரும்பாலும் மனைவிதான்.

வேலை நேரம் முடிந்தபின் அலுவலகத் தொடர்பைத் துண்டித்துக்கொள்ளும் உரிமை பிரான்ஸில் 2017 முதலும் ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்டு முதலும் சட்டத்திலேயே இருக்கிறது. நல்லதுதான். போனை எடுக்காதவரைத் தண்டிக்கக் கூடாது என்று சட்டம் போடலாம். இரவு பத்து மணிக்கும் எடுத்துப் பேசியவரை, ஆண்டு மதிப்பீட்டின்போது என்னைப் போன்ற மேலாளர் மனதில் வைத்துக்கொள்வதை எப்படித் தடுப்பது?

அடுத்த முறை இதைப் பற்றி எழுதும்போது, மாலை 6 மணிக்கு மீட்டிங் வைப்பவர்களையும் இரண்டு கேள்வி கேளுங்கள். அந்த வரிசையில் என்னையும் சேர்த்துக்கொள்ளலாம். போன வாரம்கூட ஒன்று வைத்தேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்