முடிவெடுக்கும் முன்பே எங்களைக் கேளுங்கள்: டத்தோ பண்டாருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கோலாலம்பூர் டத்தோ பண்டார் (மாநகர மேயர்) அவர்களுக்கும், கூட்டரசுப் பிரதேசங்களுக்குப் பொறுப்பான அமைச்சர் அவர்களுக்கும்,

வணக்கம்.

செந்தூலில் வசித்து, மாநகர் மன்றத்துக்கு மதிப்பீட்டு வரி கட்டிவரும் ஒருவர் எழுதும் மடல் இது. இந்நகரத்தின் நிலத்தையும் வீடுகளையும் பற்றி முடிவெடுக்கும் முன், உங்கள் மேசையில் இருக்கும் மாற்று வழிகளை எங்கள் முன் வையுங்கள். நாங்கள் சொன்னதை ஏற்றாலும் தள்ளினாலும், ஏன் என்று எழுத்தில் சொல்லுங்கள். நான் கேட்பது இவ்வளவே.

கோலாலம்பூர்க்காரர்களுக்கு வேறு வழி இல்லாததால்தான் இதை வற்புறுத்துகிறேன். 1952 பிப்ரவரியில் இங்கே நகராண்மைத் தேர்தல் நடந்தது. 1960-ஆம் ஆண்டின் கூட்டரசுத் தலைநகர்ச் சட்டம் அந்த மன்றத்தின் அதிகாரத்தை நியமனம் பெற்ற ஒரே அதிகாரியிடம் ஒப்படைத்தது. பினாங்குத் தீவு மாநகர் மன்றத்தில், நியமனம் பெற்றவர்களே ஆனாலும், 24 உறுப்பினர்கள் உட்கார்ந்து பேசுகிறார்கள். இங்கே அதுவும் கிடையாது. நாங்கள் தேர்ந்தெடுக்கும் 11 நாடாளுமன்ற உறுப்பினர்களின் ஒப்புதல் எந்த மேம்பாட்டு உத்தரவுக்கும் (கட்டுமானத் திட்டத்துக்கான அனுமதிக்கும்) தேவையில்லை. மக்கள் கருத்துக் கேட்பு ஒன்றுதான் எங்களுக்கு மிஞ்சியிருக்கிறது. அதுவும் சடங்காகிவிட்டால் நாங்கள் எங்கே போய் நிற்பது?

நம் நகரத்தின் புக்கிட் கியாரா பகுதியில் நடந்ததை நீங்கள் என்னைவிட நன்கு அறிவீர்கள். ஆனாலும் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் அது எங்கள் மக்களின் கதை. அங்கே இருந்த ரப்பர் தோட்டத்தை அரசு எடுத்துக்கொண்டபோது, தோட்டப் பாட்டாளிகளின் குடும்பங்கள் 1980-களின் தொடக்கத்தில் தற்காலிக வீட்டு வரிசைக்கு மாற்றப்பட்டன. தற்காலிகம் என்று சொல்லப்பட்ட அந்த வீடுகளில் பிள்ளைகள் பிறந்து, வளர்ந்து, தாங்களும் பெற்றோர் ஆனார்கள். பல்லாண்டுகள் கழித்து நிரந்தர வீட்டுக்கு ஒரு வழி வந்தது. எப்படி வந்தது? தாமான் ரிம்பா கியாரா பூங்காவில் எட்டு ஆடம்பர அடுக்குமாடிகள், அவற்றோடு மலிவு விலை வீடுகளுக்கு ஒரு கட்டடம் என்ற பொட்டலமாக வந்தது. 2017 ஜூலையில் மேம்பாட்டு உத்தரவு வழங்கப்பட்டது. பக்கத்துக் குடியிருப்புப் பகுதியான தாமான் துன் டாக்டர் இஸ்மாயிலின் குடியிருப்பாளர்கள் பூங்காவைக் காக்க வழக்குத் தொடுத்தார்கள். 2023 ஏப்ரல் 18 அன்று கூட்டரசு நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. நகர வளர்ச்சிக்கு வழிகாட்டும் கட்டமைப்புத் திட்டத்திலிருந்து நினைத்தபடி விலக முடியாது, விலகினால் அதற்குக் காரணம் சொல்லும் கடமை உண்டு என்று நீதிபதி நளினி பத்மநாதன் வாசித்த தீர்ப்பு தெளிவாகச் சொன்னது.

பூங்கா பிழைத்ததில் எனக்கு மகிழ்ச்சி. ஆனால் என்னை இன்றும் வருத்துவது வேறொன்று. வீடு வேண்டும் என்பவரும் மரம் வேண்டும் என்பவரும் எதிரெதிர்த் தரப்பாக நீதிமன்றத்தில் நிற்க நேர்ந்ததே, அதுதான். இவர்களுக்கு இடையே இயல்பாக எந்தப் பகையும் இல்லை. இந்தக் குடும்பங்களுக்கு எங்கே, எவ்வளவு நிலத்தில், யார் செலவில் வீடு கட்டுவது என்ற கேள்வியைத்தான் முதலில் எல்லாரிடமும் கேட்டிருக்க வேண்டும். அவர்கள் வசிக்கும் இடத்திலேயே அரசு கட்டித்தந்தால் என்ன செலவு, பக்கத்தில் வேறு அரசு நிலம் உண்டா, ஆடம்பர அடுக்குமாடி இல்லாமல் கணக்கு நேராகுமா என்று மூன்று நான்கு வழிகளைத் தொகையோடு வைத்திருந்தால், இரு தரப்பும் ஒரே மேசையில் உட்கார்ந்திருக்கக் கூடும். அந்த ஆய்வு மக்கள் கண்ணுக்கு வரவே இல்லை. ஒரே ஒரு திட்டம்தான் வந்தது. அதற்கு ஆம் அல்லது இல்லை என்று மட்டுமே சொல்ல முடிந்தது.

இப்படி ஆராய்வது நம் நாட்டுக்குப் புதிதல்ல. கூட்டரசு அமைச்சுகள் புதிய ஒழுங்குமுறைகளைக் கொண்டுவரும்போது, பிரச்சினை என்ன, எந்தெந்த வழிகள் உண்டு, எதுவும் செய்யாமல் விட்டால் என்ன ஆகும், யாருக்கு லாபம், யார் தலையில் சுமை என்று எழுதிப் பார்க்க வேண்டும் என்ற தேசியக் கொள்கை 2013-இலிருந்தே இருக்கிறது. 2021-இல் அது புதுப்பிக்கவும் பட்டது. ஓர் உரிம விதிக்குத் தேவைப்படும் இந்த ஆய்வு, ஒரு குடியிருப்பையே இடம் பெயர்க்கும் திட்டத்துக்கு வேண்டாமா?

கேட்கும் முறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2025 ஜூனில் நடைமுறைக்கு வந்த கோலாலம்பூர் உள்ளூர்த் திட்டம் 2040-இன் வரைவு வரைபடங்களை மக்கள் பார்வைக்கு வைத்தீர்கள். ஆனால் அவற்றைப் படிப்பது எப்படி? மனை விகிதம் ஒன்றுக்கு நான்கு என்றால், 10,000 சதுர அடி மனையில் 40,000 சதுர அடி தளப்பரப்பு வரை கட்டலாம் என்று பொருள். அந்த விகிதம் ஒன்றுக்கு ஆறாகும்போது பக்கத்துத் தெருவின் நெரிசலும் சாக்கடையும் பள்ளிக்கூட இடமும் என்ன ஆகும் என்று ஒரு பக்கத்தில், மலாயோடு தமிழிலும் சீனத்திலும் எழுதி ஒட்டினால், எங்கள் அடுக்குமாடியின் மூத்தவர்களும் விவரமாகப் பேசுவார்கள்.

நான் சென்றிருந்த ஒரு விளக்கக் கூட்டத்தில் (எந்தத் துறை என்பது இங்கே முக்கியமில்லை) மருத்துவமனையில் துப்புரவு வேலை செய்யும் ஓர் அக்கா எழுந்து, “இந்தப் பஸ் நிறுத்தம் போனால் காலை ஐந்து மணிக்கு நான் எங்கே போய் நிற்பேன்?” என்று கேட்டார். அதிகாரி பணிவோடு குறித்துக்கொண்டார். பதில் வரவே இல்லை. அன்று அந்த அக்கா அரைநாள் சம்பளத்தை விட்டுவிட்டு வந்திருந்தார். பாதுகாவலர்களும் லாரி ஓட்டுநர்களும் வேலை நாளின் காலைப் பொழுதில் வர முடியாது. இரவு எட்டு மணிக்குத் தமிழ்ப்பள்ளி மண்டபத்தில் கூட்டம் வையுங்கள், வருவார்கள்.

ஆவணங்களுக்கும் இதே நிலைதான். சிலாங்கூர் 2011-இலும் பினாங்கு அதற்கு முந்தைய ஆண்டிலும் தகவல் சுதந்திரச் சட்டத்தை நிறைவேற்றின. சிலாங்கூரின் பெட்டாலிங் ஜெயாவில் வசிக்கும் என் தங்கை அந்த உரிமையோடு தன் மன்றத்தில் விண்ணப்பிக்கலாம். எல்லைக்கு இந்தப் பக்கம் இருக்கும் எனக்கு அந்த மாநிலச் சட்டங்கள் பொருந்தாது. கூட்டரசுச் சட்டத்துக்காகக் காத்திருக்காமலே, போக்குவரத்து, சமூகத் தாக்க அறிக்கைகளை நீங்களாகவே வெளியிட முடியும்.

பழைய பொது அடுக்குமாடிகளை இடித்துக் கட்டும் திட்டங்களிலிருந்து இதைத் தொடங்குங்கள். மேம்பாட்டாளரைத் தேர்ந்தெடுக்கும் முன்பே மாற்று வழிகளைத் தொகையோடு வெளியிடுங்கள். கருத்துக் கேட்பு முடிந்த மூன்று மாதத்துக்குள், வந்த ஒவ்வொரு ஆட்சேபணைக்கும் உங்கள் பதிலை எழுதி அந்த அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் ஒட்டுங்கள். இதற்கு ஒப்புகிறீர்களா இல்லையா என்பதை எழுத்து மூலம் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செந்தூல் குடியிருப்பாளர் ஒருவர்