நிறுத்து என்று சொல்லவில்லை, பாப்பா

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்கு இருமல் குறைந்துவிட்டது. தம்பி புது வீட்டுக்குச் சாமான்களை மாற்றிக்கொண்டிருக்கிறான், அந்த மர அலமாரி யாருக்கு என்பது மட்டும் இன்னும் முடிவாகவில்லை. மற்றச் செய்திகளைப் பிறகு எழுதுகிறேன். போனில் பேச ஆரம்பித்தால் நீ உடனே குட்டியைக் கூப்பிட்டு அவள் கையில் போனைக் கொடுத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் நீ மீதியை நிம்மதியாகப் படிப்பாய். கொக்கி ஊசியால் நீ பின்னும் அந்தக் குரோஷே வேலையை நிறுத்து என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. அந்த நரிக்குட்டி பொம்மையின் படத்தை எத்தனை பேரிடம் காட்டினேன் என்று அப்பாவைக் கேள். துணி தைத்தே காலம் கழித்தவள் நான். எந்த வேலையைப் பார்த்தாலும் திருப்பி உள்பக்கம் பார்ப்பேன். நீ போன முறை கொண்டுவந்த பையை அப்படித்தான் பார்த்தேன். நிறம் மாறும் இடத்தில் ஒரு முடிச்சு இல்லை, ஒரு நூல் முனை துருத்திக்கொண்டு இல்லை. இந்தப் பொறுமை உனக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியவில்லை. சின்ன வயதில் ஒரு பொத்தான் தைக்க உன்னை உட்காரவைக்க முடியாது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன தடவை வீடியோவில் பேசும்போது வலது கையை அடிக்கடி உதறினாய். நீ அறியாமலே செய்திருப்பாய். அதன் பிறகு நீ அடுப்படிக்குப் போனபோது, அம்மா எப்படிப் பின்னுவாள், செய்து காட்டு என்று குட்டியிடம் கேட்டேன். விரலை மடக்கி ஊசி பிடிப்பது போலக் காட்டினாள். அடுத்து என்ன செய்தாள் தெரியுமா? கையை உதறினாள். அதுவும் வேலையில் ஒரு பகுதி என்று குழந்தை நினைத்திருக்கிறது. அப்போது சிரித்துவிட்டேன். போனை வைத்த பிறகு சாப்பாடு இறங்கவில்லை.

பெரியம்மாவின் கையும் இப்படித்தான் ஆரம்பித்தது. அவள் கட்டைவிரலுக்கு அடியில் இருந்த சதை வற்றிப்போய்க் குழி விழுந்திருந்ததை நீ பார்த்திருக்கிறாய். சட்டைப் பொத்தான் போட உன்னைத்தானே கூப்பிடுவாள். ராத்திரி எழுந்து உட்கார்ந்து கையை உதறிக்கொண்டிருப்பாள், கேட்டால் சும்மா மரத்துப்போச்சு என்பாள். அந்தச் சும்மாவை நாங்கள் எல்லோரும் நம்பினோம்.

மணிக்கட்டில் எலும்புகளுக்கும் அவற்றின் மேல் குறுக்கே கட்டியிருக்கும் ஒரு தடித்த பட்டைக்கும் நடுவில் குறுகலான வழி ஒன்று இருக்கிறது. அதற்குள் 9 தசைநாண்களும் ஒரு நரம்பும் போகின்றன. உள்ளே வீங்கினால் நரம்புக்குத்தான் அழுத்தம். கார்பல் டனல் என்கிறார்கள். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலில் ஒரு பாதி, இவை மரத்துப்போகும். சுண்டு விரல் தப்பித்துவிடும். ராத்திரியில் கூடும், உதறினால் கொஞ்சம் விடும். ஆரம்பத்திலேயே பார்த்தால் தூங்கும்போது மணிக்கட்டை நேராக வைக்கும் ஸ்ப்ளிண்ட் மாட்டிக்கொண்டே பலருக்குச் சரியாகிறது. தைராய்டு குறைவோ சர்க்கரையோ இருந்தாலும் இது வரலாம், அதனால் அந்த இரண்டையும் பரிசோதிக்கச் சொல். மரப்பே இல்லாமல் கட்டைவிரல் பக்கத்து மணிக்கட்டில் மட்டும் வலி என்றால் அது வேறு, குழந்தையைத் தூக்கித் தூக்கி வருவது. உனக்கு எது என்று நான் எப்படிச் சொல்வேன்? எந்த விரல் மரத்துப்போகிறது என்றுகூட நீ சொல்லவில்லையே.

டாக்டரிடம் போனால் நிறுத்தச் சொல்லிவிடுவார் என்று பயப்படுகிறாயா? அல்லது நான் சொல்லிவிடுவேன் என்றா? நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் ராத்திரி வேலையைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நீ படம் அனுப்பும் நேரம் எனக்குத் தெரிகிறது பாப்பா. 1.40க்கு ஒரு முயல், 2 மணிக்கு அதன் காது. காலையில் 6 மணிக்குக் குட்டி எழுந்துவிடுவாள். வீட்டு வேலை முடிந்து, அவளைத் தூங்கவைத்து, பாத்திரம் ஒழித்துவைத்த பிறகு மிஞ்சும் நேரத்தில்தான் உன் தொழில் நடக்கிறது. அந்த நேரத்தில் கண்ணும் சோர்ந்திருக்கும், தோளும் இறுகியிருக்கும். அப்போதுதான் நூலை இறுக்கிப் பிடிக்கத் தோன்றும். அதுவும் பருத்தி நூலில் இழுவையே கிடையாது, கம்பளி நூலைவிடக் கையை வாட்டும். நீ 2.5 மி.மீ. ஊசியில் பருத்தி நூலை வைத்து மணிக்கணக்காகப் போட்டால் கை என்ன செய்யும்? பிடி தடிமனான ஊசி வாங்கு. அரை மணிக்கு ஒரு தடவை ஊசியைக் கீழே வை. இந்த வரிசையை முடித்துவிட்டு என்று சொல்லாதே, நடுவிலேயே வை.

பகலில் 2 மணி நேரம் இந்த வேலைக்கென்று ஒதுக்க முடியாதா? அந்த 2 மணி நேரத்தில் கதவு சாத்தியிருக்கும், போன் எடுக்க மாட்டாய் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியட்டும். குட்டியைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், அது எனக்கும் தெரியும். அதைப் பற்றித்தான் யாரோடாவது பேச வேண்டும் என்கிறேன். யாரோடு என்று நான் சொல்லவில்லை.

மாப்பிள்ளையைப் பற்றிக் கேட்டால் "நல்லா இருக்கார்" என்பதோடு முடித்துவிடுகிறாய். முன்பெல்லாம் அவர் சொன்னது, அவர் செய்தது என்று நிறுத்தாமல் பேசுவாய். நான் ஒன்றும் கேட்கவில்லை. நீ எத்தனை மணிக்குப் படுக்கிறாய் என்று அவருக்குத் தெரியுமா? கை மரத்துப்போவது தெரியுமா? அவர் நல்லவர், அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. நல்லவர்களுக்கும் வாய்விட்டுச் சொன்னால்தான் தெரியும்.

அயர்லாந்தில் 1845இல் உருளைக்கிழங்குப் பயிர் அழுகிப் பெரும் பஞ்சம் வந்தபோது, குரோஷே லேஸ் விற்று வந்த காசில்தான் பல குடும்பங்கள் உயிர் பிழைத்தன. அந்த லேஸைப் பெரும்பாலும் ஒருத்தியே முழுதாகப் பின்னியதில்லை. ஒரு வீட்டில் ரோஜா, இன்னொரு வீட்டில் இலை, எல்லாம் வந்து சேர்ந்த பிறகு இணைப்பதற்கென்று வேறு கை. நீயோ நூல் வாங்குவதிலிருந்து கூரியருக்குப் போவது வரை எல்லாவற்றையும் ஒருத்தியாகவே இழுத்துப் போட்டுக்கொள்கிறாய். பொம்மையின் முகம் உன் கையில்தான் வர வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். பெட்டி கட்டுவதும் முகவரி எழுதுவதும் அப்படியா? கணக்கு எழுத மாப்பிள்ளைக்கு வராதா?

கணக்கு என்றதும் கோபம் வருகிறது. நூல் விலையை மூன்றால் பெருக்கி விலை வைப்பதாகச் சொன்னாயே, யார் உனக்கு அதைச் சொல்லிக்கொடுத்தது? மெல்லிய நூல் கொஞ்சமாகத்தான் செலவாகும், ஆனால் நேரத்தைத் தின்னும். தடித்த நூலில் ஒரே நாளில் முடியும் தொப்பிக்கு அதிக விலையும், ஒரு வாரம் எடுக்கும் மெல்லிய மேசை விரிப்புக்குக் குறைந்த விலையும் வரும் கணக்கு அது. எந்த வேலை கஷ்டமோ அதற்கே கூலி குறைகிறது. பொம்மைக்கு 8 மணி நேரம் என்றாய். பஞ்சு அடைப்பது, நூல் முனைகளைச் செருகுவது, வெளிச்சம் பார்த்துப் படம் எடுப்பது, இதுவே நீலத்தில் கிடைக்குமா என்று கேட்டுவிட்டுப் பிறகு காணாமல் போகிறவர்களுக்குப் பதில் எழுதுவது, இதெல்லாம் அந்த 8 மணி நேரத்தில் இருக்கிறதா? நேரத்துக்கு ஒரு கூலி வை, அதன் மேல் நூல், பஞ்சு, பெட்டி எல்லாம் சேர். தனியாகச் செய்யச் சொல்லிக் கேட்கிறவர்களிடம் பாதிப் பணம் முன்பணமாக வாங்கு. வரும் பணம் வீட்டுச் செலவோடு கலக்காமல் தனிக் கணக்கில் இருக்கட்டும், இல்லாவிட்டால் லாபமா நஷ்டமா என்று வருடம் முடிந்தாலும் தெரியாது. தையலில் நான் முதலில் கற்றுக்கொண்டதே அதுதான்.

கடையில் இதைவிட மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால் கூனிக் குறுகாதே. இரண்டு ஊசிப் பின்னலுக்கு 1589ஆம் ஆண்டிலேயே வில்லியம் லீ என்பவர் இயந்திரம் செய்துவிட்டார். குரோஷேவுக்கு அப்படி ஒன்று இன்னும் சந்தைக்கு வரவில்லை. அதே தோற்றத்தில் இயந்திரத்தில் துணி செய்கிறார்கள், ஆனால் நிஜக் குரோஷே கடைகளில் தொங்கினால் அதை யாரோ ஒருத்தி கையால்தான் போட்டிருக்கிறாள். அவ்வளவு மலிவாகக் கிடைக்கிறதென்றால் அவளுக்கு என்ன கொடுத்திருப்பார்கள் என்று நினைத்துப் பார். அந்த விலையோடு நீ போட்டி போடத்தான் வேண்டுமா?

சொந்தக்காரர்களுக்கு இலவசமாகச் செய்வதைப் பற்றிப் பேச வேண்டாம் என்றுதான் இருந்தேன். சித்தி மகளுக்கு மேசை விரிப்பு, அவள் நாத்தனாருக்குத் தொப்பி, அந்த நாத்தனாரின் தோழிக்குப் பை. அவள் யாரென்று உனக்கே தெரியாது. வீட்டில்தானே இருக்கிறாள், சும்மா பின்னிக் கொடுப்பாள் என்கிறார்கள். முடியாது என்று சொல்ல உனக்குக் கூச்சமாக இருந்தால் என் பெயரைச் சொல். அம்மா திட்டுகிறாள் என்று சொல். எனக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

மாதத்துக்கு எத்தனை ஆர்டர் என்று ஒரு எண் வைத்துக்கொள். அது நிரம்பினால் அடுத்த மாதம் என்று எழுதிப் போடு. காத்திருக்க மனமில்லாதவர்கள் போகட்டும். நீயே யோசித்துச் செய்த அந்த நரிக்குட்டியின் செய்முறையை எழுதி விற்கலாம் என்று தம்பி சொல்கிறான். ஒரு முறை எழுதினால் பல முறை விற்கும், கைக்கும் ஓய்வு. இது எனக்குத் தோன்றாத யோசனை, நன்றாக இருக்கிறது. மற்றவர்கள் எழுதிய செய்முறையில் செய்து விற்கும்போது விற்பனைக்கு அனுமதி உண்டா என்று பார்த்துக்கொள், கார்ட்டூன் உருவங்கள் வேண்டவே வேண்டாம். அப்புறம் 3 வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு என்றால் பிளாஸ்டிக் கண் வைக்காதே, நூலாலேயே கண் போடு. பிடுங்கி வாயில் போட்டுக்கொண்டால் தொண்டையில் அடைத்துவிடும். இது உனக்குத் தெரிந்ததுதான், குட்டிக்கு அப்படித்தானே போட்டாய். இருந்தாலும் சொல்கிறேன்.

பாப்பா, இத்தனையும் எழுதிய பிறகும் மனசு அந்தக் கையிலேயே நிற்கிறது. விலையைத் திருத்தலாம், ஆர்டரைத் தள்ளிப்போடலாம். நரம்பு ரொம்ப நாள் நசுங்கிக் கிடந்து சதை வற்றிவிட்டால், ஆபரேஷன் செய்தாலும் முழுதாகத் திரும்பும் என்று சொல்ல முடியாது. அந்த அளவுக்குப் போகவிட வேண்டாம் என்றுதான் கெஞ்சுகிறேன். நிறுத்து என்று சொல்லவில்லை. இன்னும் 20 வருடம் நீ பின்ன வேண்டும், அதற்காகத்தான்.

தம்பி அடுத்த வாரம் அங்கே வருகிறான். குழந்தைப் போர்வைக்குச் சாம்பல் நூல் குறைகிறது என்றாயே, நான் இங்கே தேடிக் கொடுத்தனுப்புகிறேன். லேபிளில் நிற எண்ணோடு சாயத் தொகுதி எண்ணும் தனியாக இருக்கும், இரண்டையும் அனுப்பு. தொகுதி மாறினால் அதே நிறமே கொஞ்சம் வேறுபட்டு, போர்வை நடுவே கோடு விழுந்துவிடும். அந்த எண்களை அனுப்பும்போதே எந்த விரல் மரத்துப்போகிறது, சுண்டு விரலும் உண்டா இல்லையா, டாக்டரைப் பார்க்க என்றைக்குப் போகிறாய் என்பதையும் சேர்த்து எழுது.

அன்புடன்,
அம்மா