மருமகனுக்கு, அந்தக் கப்பியைப் பற்றி

அன்புள்ள மருமகனுக்கு,

கிணற்றடியில் தொங்கும் கப்பியைப் படமெடுத்து அனுப்பி, "மாமா, யாழ்ப்பாணத்தில இரும்பு எங்க தோண்டினவை?" என்று கேட்டிருந்தாய். எங்கேயும் தோண்டவில்லை ராசா. இந்தக் குடாநாட்டில் எங்கே வெட்டினாலும் வருவது சுண்ணாம்புக்கல்தான். உன் அம்மப்பா, என்ர ஐயா, வார்த்ததெல்லாம் பழைய இரும்பு.

முதலில் ஒன்று. எங்களுடையதைக் கம்மாலை என்று எழுதியிருந்தாய். கம்மாலையில் இரும்பைக் காய்ச்சி அடிப்பார்கள்: கத்தி, மண்வெட்டி. ஐயா செய்தது உருக்கி வார்ப்பது. வார்ப்பிரும்பை அடித்தால் வளையாது, உடையும். அதுவே அவருக்கு வசதி. துலா மிதித்து இறைத்த தோட்டங்களுக்கு மண்ணெண்ணெய் மெசின் வந்தது. பிறகு பழுதான மெசின்கள் எங்கள் முற்றத்துக்கு வந்தன. சம்மட்டியால் நொறுக்கி உலையில் போடவேண்டியதுதான். வெங்காயத் தோட்டக்காரர்தான் எங்களுக்குச் சுரங்கம்.

உலை என்றால் பெரிதாக நினைக்காதே. எண்ணெய்ப் பீப்பாய்களை ஒன்றின்மேல் ஒன்று ஏற்றி, உள்ளே களி பூசி, கீழே காற்று ஊதும் விசிறி. ஒரு அடுக்கு கோக் கரி (நிலக்கரியைச் சுட்டு எடுப்பது), ஒரு அடுக்கு இரும்பு, நடுநடுவே ஒரு கைப்பிடி சுண்ணாம்புக்கல். அந்தக் கல் உருகி அழுக்கையெல்லாம் பிடித்துக்கொண்டு கசடாக மேலே மிதக்கும். இரும்பும் கரியும் வெளியிலிருந்து வந்தவை. எங்கள் மண் கொடுத்தது அந்தக் கல் மட்டும்தான். வார்ப்பிரும்பு உருக 1150 பாகை செல்சியசுக்கு மேல் வேண்டும். ஐயாவிடம் வெப்பமானி கிடையாது, நிறம் பார்த்தே சொல்வார்.

பன்னிரண்டு வயதில் நான் செய்த வேலையைச் சொல்கிறேன். உருகிய இரும்பை ஊற்றும் அச்சுக்கு மண் காணாது என்று கடற்கரை மணலை ஒரு சாக்கு அள்ளிவந்து கலந்துவிட்டேன். அதில் சிப்பித்தூள். கொதிக்கும் இரும்பு பட்டதும் சிப்பி வெந்து வாயு கிளம்பி, வார்த்த ஆறு கப்பியும் அப்பம் மாதிரிக் கண்கண்ணாக வந்தன. ஐயா ஏசவில்லை. நல்ல அச்சுமண்ணை என் கையில் வைத்துப் பிடிக்கச் சொன்னார். விரல் ரேகை பதிந்தது. நடுவில் உடைக்கச் சொன்னார். உதிராமல் இரண்டாக உடைந்தது. அவ்வளவுதான் பாடம்.

1990 ஜூனில் சண்டை மறுபடி தொடங்கி ரயில் நின்றது. பொருளாதாரத் தடையில் கோக் கரி எப்படி வரும்? சிரட்டைக்கரியும் சைக்கிள் சில்லு பூட்டிய விசிறியுமாக அலுமினியம் உருக்கினார். அதற்கு 660 பாகை போதும். 1995 ஒக்டோபர் 30 இரவு எல்லாரையும்போல நாங்களும் ஊரைவிட்டு நடந்தோம். திரும்பி வந்தபோது உலை இருந்தது, விசிறி இல்லை. அதன்பிறகு அவர் மூட்டவில்லை. 2009க்குப் பிறகு லொறி லொறியாகப் பழைய இரும்பு தெற்கே போனதை, படலையடியில் கதிரை போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எந்த வருசம் தொடங்கியது என்று கேட்டாய். ஐயா கணக்கெழுதிய கொப்பி இடப்பெயர்வில் போய்விட்டது. மண்ணில் பதித்துக் குழி எடுக்கும் கப்பியின் மர மாதிரி மட்டும் பரணில் இருக்கிறது. லீவில் வரும்போது எடுத்து அளந்து பார். கப்பியை விடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும். ஆறும்போது இரும்பு சுருங்கும், அதற்காக அடிக்கு அரைக்கால் அங்குலம் கூட்டிச் செய்தது. பிழை என்று நினைத்துச் சீவிவிடாதே.

அன்புடன்,
மாமா